எல்டோரெட்டில் மெதுவாக ஓடக் கற்ற கதை

கென்யாவின் எல்டோரெட்டில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டத்தில் உலகப் புகழ்பெற்ற எலியுட் கிப்சோகேயை ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. கென்யாவிலிருந்து வந்தவன், அதிலும் ஓடுகிறவன் என்று தெரிந்தால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில், அவருடைய பயிற்சி முகாம் இருக்கும் கப்டகட் போகும் வழியில் முப்பது நாற்பது பேர் கொண்ட கூட்டம் ஒன்று சாலையைக் குறுக்கே கடந்து காட்டுப் பாதைக்குள் இறங்கியது. “அதில் அவர் இருந்தார்” என்று எங்கள் டிரைவர் சத்தியம் செய்தார். எனக்குத் தெரிந்தது செம்மண் புழுதியும் சில முதுகுகளும்தான்.

எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். இருபது வருடம் நூற்பாலையில் வேலை பார்த்துவிட்டு 2018 தொடக்கத்தில் கென்யாவில் ஒரு ஆலைக்கு ஸ்பின்னிங் மாஸ்டராகப் போனேன். எல்டோரெட் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் கீழே. வெள்ளைக்காரர்கள் நிலத்தைப் பங்கு போட்டபோது 64-ஆம் எண் பண்ணை நிலத்தில் எழுந்த ஊர் என்பதால் பழைய ஆட்கள் இன்னும் ‘சிக்ஸ்டி ஃபோர்’ என்றே சொல்கிறார்கள். போன புதிதில் ஆலையின் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அப்போது எனக்கு வயது 43, எடை 84 கிலோ, சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான்.

2018 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. தேநீர் குடிக்க ஒரு ‘ஹோட்டேலி’க்குள் நுழைந்தேன். சின்னச் சாப்பாட்டுக்கடையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சாயும் சபாத்தியும்கூட அங்கே அதே பெயரில்தான் கிடைக்கும் என்பதால் பசிக்கு மொழி ஒரு தடையாக இருந்ததில்லை. கடையில் உட்கார இடமில்லை. தொலைக்காட்சியில் பெர்லின் மாரத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் பிடித்துக் கொடுக்க வந்த மூன்று பேரும் ஒவ்வொருவராக விலகி, 25 கிலோமீட்டரில் கடைசி ஆளும் போய்விட, மீதி 17 கிலோமீட்டரைக் கிப்சோகே தன்னந்தனியாக ஓடினார். 2 மணி 1 நிமிடம் 39 விநாடி. அதுவரை இருந்த உலக சாதனையைவிட 78 விநாடி குறைவு. கடைக்காரர் அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை.

மறுநாள் எங்கள் ஆலை ஸ்டோர் கீப்பரிடம் இதைப் பற்றிப் பேசினேன். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். அவரும் ஒரு காலத்தில் 10,000 மீட்டர் ஓடியவராம். அவர் எடுத்த நேரத்தில் நம் நாட்டில் ஓடியிருந்தால் பதக்கத்தோடு அரசு வேலையும் கிடைத்திருக்கும். அங்கே அவருடைய மாவட்டத்திலேயே அவருக்கு முன்னால் ஐம்பது பேர் இருந்தார்கள். “ஓடிப் பார்க்கிறீர்களா மாஸ்டர்?” என்று கேட்டார். பேச்சுவாக்கில் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் 600 மீட்டரில் நின்றேன். சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள் பையோடு என்னைத் தாண்டிப் போனார்கள், சிரித்துக்கொண்டேதான். ஸ்டோர் கீப்பர் ஒரே ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொன்னார்: “போலே, போலே.” சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக என்று பொருள். மூன்று மாதம் அவர் வேறெதையும் கற்றுக்கொடுக்கவில்லை. இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. பேச்சு நின்றால் ஓட்டத்தையும் நிறுத்திவிடுவார். நான் இன்றும் வைத்திருக்கிற அளவுகோல் அதுதான். ஓடும்போது ஒரு குறளை இடையில் மூச்சிழுக்காமல் முழுதாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முதல் அடியிலேயே திணறினால் அது உங்கள் வேகம் இல்லை.

பந்தயத்தில் ஒரு கிலோமீட்டரை 2 நிமிடம் 52 விநாடியில் கடந்த கிப்சோகே, வாரத்தின் பெரும்பாலான நாட்களில் ஓட்டத்தைத் தொடங்குவது கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேல் எடுக்கிற மெதுவான வேகத்தில். கடும் பயிற்சி செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான். அந்த மூன்று நாளிலும்கூட முழு பலத்தையும் இறக்குவதில்லை என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் புரிந்தது ஓட்டத்தினால் இல்லை, ஆலையில் நூல் நூற்கிற ரிங் பிரேம் இயந்திரத்தினால். அதில் நூலைச் சுற்றும் ஸ்பிண்டிலின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால் உற்பத்தி ஏறும் என்றுதான் புதிதாக வருகிற ஒவ்வொரு மேனேஜரும் நினைக்கிறார். ஒரு கட்டத்துக்கு மேல் நூல் அறுவு கூடி, பிரேமைக் கவனிக்கும் தொழிலாளர்களான சைடர்கள் முடிச்சுப் போட்டே ஷிப்ட் முடிந்துபோகும். எண்ணிப் பார்த்தால் பழைய வேகத்தில் ஓட்டியிருந்தால் வந்திருக்கும் நூலைவிடக் குறைவாகத்தான் வந்திருக்கும். தினமும் உச்ச வேகத்தில் ஓடுகிறவர்கள் வருடத்தில் பாதி நாள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பவர்கள்தான்.

இவ்வளவு தெரிந்தும் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அதற்கு முன் கிப்சோகேயின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டோர் கீப்பர் எனக்கு அதைத் தவணை முறையில், ஓடும்போது சொன்னார்.

நாண்டி மாவட்டத்தில் கப்சிசியுவா என்ற கிராமம். 1984-இல் நான்கு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். அப்பா இல்லை. அம்மா மழலையர் பள்ளி ஆசிரியை. அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர் பேட்ரிக் சாங், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் என்னும் தடை தாண்டும் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். பள்ளிப் படிப்பு முடிந்து சைக்கிளில் பால் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்த பையன் அதே சாங்கிடம் போய்ப் பயிற்சி அட்டவணை கேட்டான். இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்து நின்றான். இன்றுவரை பயிற்சியாளர் மாறவில்லை. பெரிய ஆள் ஆனதும் குருவை மாற்றுகிற விளையாட்டு உலகத்தில் எனக்கு அவருடைய சாதனை நேரங்களைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

2003-இல் பாரிஸ் உலகத் தடகளப் போட்டி. 18 வயதுப் பையன் 5,000 மீட்டரில் அப்போதே பேர்பெற்ற ஓட்டக்காரர்களான ஹிஷாம் எல் குவெரூஜையும் கெனெனிசா பெக்கேலேயையும் கடைசி அடியில் முந்தினான். 12 நிமிடம் 52.79 விநாடி. இரண்டாவது வந்தவருக்கும் அவனுக்கும் இடைவெளி ஒரு விநாடியில் நூறில் நான்கு பங்கு. அதோடு தங்கம் நின்றுபோனது. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், ஒசாகா உலகப் போட்டியில் வெள்ளி, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்குக்கான தேர்வில் ஏழாவதாக வந்து அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. அப்போது வயது 27. நம்மில் பலருக்குத் தெரிந்த கிப்சோகே அதற்குப் பிறகு பிறந்தவர்தான். மறு வருடம் ஹாம்பர்க்கில் முதல் மாரத்தான், முதல் வெற்றி. அடுத்து பெர்லினில் இரண்டாமிடம். பிறகு 2014 முதல் 2019 வரை கலந்துகொண்ட மாரத்தான் பந்தயம் எதிலும் தோற்கவே இல்லை. 2016-இல் ரியோ ஒலிம்பிக் தங்கமும் அதில் அடக்கம். 2015 பெர்லினில் காலணியின் உள்ளட்டை இரண்டும் பிதுங்கி வெளியே வந்து காதுபோல ஆடிக்கொண்டிருக்க, அப்படியே ஓடி 2 மணி 4 நிமிடத்தில் வென்றார். பாதத்தில் கொப்புளமும் ரத்தமும். நின்று சரிசெய்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, “நின்றால் கால் நினைவுக்கு வந்துவிடும்” என்றார் ஸ்டோர் கீப்பர்.

2019 அக்டோபர் 12. எல்டோரெட் தெருவில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். வியன்னாவின் பூங்காச் சாலையில் 41 பேர் முறைவைத்து அம்பு வடிவத்தில் அவருக்கு முன்னும் பின்னும் ஓட, முன்னால் போன கார் சாலையில் ஒளிக்கோடு போட்டுக் காட்டியது. பந்தயம் இல்லை என்பதால் உலக சாதனைப் பட்டியலில் ஏறாது. ஆனால் 42.195 கிலோமீட்டரை மனிதக் கால்கள் 2 மணி நேரத்துக்குள் கடக்குமா என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. 1 மணி 59 நிமிடம் 40 விநாடி. முடிவுக்கோடு நெருங்கும்போது கூட ஓடியவர்கள் வேகத்தைக் குறைத்துப் பின்வாங்கி அவரைத் தனியே விட்டார்கள். என்னைச் சுற்றியிருந்த கூட்டம் அழுதது. முன்பின் தெரியாத ஒரு பாட்டி என்னைக் கட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. கிப்சோகே செவ்வாய்க்கிழமை டிராக்கில் ஓடுவார் என்பது எனக்குத் தெரியும். சந்தையில் வாங்கிய, யாரோ ஓடித் தேய்த்த கார்பன் தகடு வைத்த காலணி என்னிடம் இருந்தது. ஸ்டோர் கீப்பருக்குச் சொல்லாமல் ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய், பத்து முறை 400 மீட்டர் என்று கணக்கு வைத்துப் பறந்தேன். ஏழாவது சுற்றின் வளைவில் யாரோ பின்னாலிருந்து கெண்டைக்காலில் கல்லால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. தசை கிழிந்திருந்தது. ஆறு வாரம் நொண்டினேன். ஸ்டோர் கீப்பர் பார்க்க வந்து, “போலே” என்றார். இந்த முறை ஒரே தடவை. ஒற்றையாகச் சொன்னால் அதற்கு ‘பாவம், வருத்தப்படுகிறேன்’ என்று பொருள். இரட்டையாகச் சொன்னபோதே கேட்டிருந்தால் ஒற்றையாகக் கேட்க வேண்டியிருந்திருக்காது.

காலணிமேல் பழி போட மாட்டேன். விறைப்பான தகடு என்னைப் போன்ற குண்டு மனிதனின் கெண்டைக்காலுக்கு ஒத்துவரவில்லை என்பது உண்மை. அதற்கு முன் வாரத்துக்கு 25 கிலோமீட்டர் மெதுவாக ஓடிய காலை ஒரே நாளில் அப்படி விரட்டியது நான்தான். கிப்சோகே வாரத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார். அதைச் செரிக்க மதியமும் தூங்குகிறார். திங்கள் முதல் சனி வரை வீட்டை விட்டுவிட்டுக் கப்டகட் முகாமில் தங்குகிறார். எனக்கு இரவு ஷிப்ட் உண்டு, பிரேம் நின்றால் நள்ளிரவில் போன் வரும். அதனால் இரவு ஷிப்ட் முடித்த காலையில் ஓடுவதில்லை என்று அன்றைக்கு ஒரு விதி வைத்தேன். இன்றும் மீறவில்லை. அதற்குப் பிறகு காயம் என்று ஒன்று வந்ததே இல்லை.

கால் கட்டோடு படுத்திருந்த அந்த ஆறு வாரத்தில்தான் நோட்டு எழுதத் தொடங்கினேன். கிப்சோகே 2003-லிருந்து ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் கையால் நோட்டில் எழுதி வைக்கிறார். கைக்கடிகாரம் எல்லாவற்றையும் தானே குறித்துக்கொள்ளும் காலத்தில் எதற்கு என்று முதலில் நினைத்தேன். தூங்கிய மணி நேரத்தையும் வலி எங்கே என்பதையும் நானே எழுதி, இரண்டு மாதம் கழித்துப் புரட்டியபோது, வலது முழங்கால் வலி ஒவ்வொரு முறையும் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய இரவுக்கு மறுநாள் வந்திருப்பது தெரிந்தது. கடிகாரம் அதைச் சொல்லியிருக்காது.

முகாமைப் பற்றி ஊரில் பேசும்போது எல்லாரும் தவறாமல் சொல்வது கழிவறைக் கதை. கோடீஸ்வரர் ஆன பின்னும் கிப்சோகே தன்னுடைய முறை வரும் நாளில் கழிவறையைக் கழுவுகிறார். எளிமையைக் காட்டுகிற செய்தியாகத்தான் நம் ஆட்கள் இதைப் பகிர்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. கூட்டமாக ஓடுகிற இடத்தில் ஒருவருக்கு மட்டும் முறை தள்ளுபடியானால் மறுநாள் 40 கிலோமீட்டர் ஓட்டத்தில் அவருக்காகக் காற்றை மறிக்க யாருக்கு மனம் வரும்? ஆலையில் இருபது வருடம் முறை போட்டவன் என்பதால் இது எனக்குத் தெரியும்.

2021-இல் நைரோபியில் ஒரு மாரத்தானில் ஓடினேன். முதல் பாதி 2 மணி 5 நிமிடம். என் பயிற்சிக்கு அது பதினைந்து நிமிடம் முன்கூட்டி. கூட்டத்தின் ஆரவாரத்தில் கால் தானாகப் போனது. 33-ஆவது கிலோமீட்டரில் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஒரு பெண் வாழைப்பழம் கொடுத்தார். உரித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன், என் விரல்கள் அந்த நிலையில் இருந்தன.

வீட்டுக்கு வந்து பெர்லின் 2018-இன் கணக்கைப் பார்த்தேன். முதல் பாதி 61 நிமிடம் 6 விநாடி, இரண்டாம் பாதி 60 நிமிடம் 33 விநாடி. உலக சாதனை ஓட்டத்தில்கூட முதல் பாதிதான் மெது. 2022-இல் அதே பெர்லினில் கிப்சோகே முதல் பாதியை 59 நிமிடம் 51 விநாடியில் ஓடிவிட்டார். இரண்டாம் பாதி 61 நிமிடத்தைத் தாண்டியது. 2 மணி 1 நிமிடம் 9 விநாடி என்ற புதிய சாதனை வந்தது உண்மைதான், ஆனால் கடைசிக் கிலோமீட்டர்களில் அவரும் அந்தக் கடனை அடைத்துக்கொண்டிருந்தார். அவரால் அடைக்க முடிந்தது. என்னைப் போன்றவர்கள் வாழைப்பழம் வாங்கித் தின்ன வேண்டியதுதான். இப்போதெல்லாம் பந்தயத்தின் முதல் ஐந்து கிலோமீட்டரில் என்னை யார் முந்தினாலும் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். அவர்களில் பாதிப் பேரைப் பிறகு சந்திக்கலாம்.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். பெர்லினில் அவருக்குப் புட்டி கொடுக்கிற தன்னார்வலர் கிளாஸ் ஹென்னிங் ஷுல்கே, ஒவ்வொரு இடத்திலும் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் அடுத்த இடத்துக்குப் பறப்பார். அந்த மனிதரின் கொண்டாட்டத்தைப் பார்த்தால் அவர்தான் ஜெயித்தார் என்று தோன்றும். 2023 பாஸ்டனில் கிப்சோகே ஒரு புட்டியைத் தவறவிட்டார். இடது காலும் ஒத்துழைக்கவில்லை, ஆறாவது இடம். ஓடிக்கொண்டே குடிப்பதும் பயிற்சி செய்து பழக வேண்டிய வேலைதான். 2022-இல் ஊர் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாற்றை வழியில் இருந்த டீக்கடைகளில் முன்கூட்டியே கொடுத்துவைத்தேன். “அண்ணாச்சி, இதை யார் வந்து வாங்குவார்கள்?” என்று ஒரு கடைக்காரர் கேட்டார். நானேதான் என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. மனைவியும், “இந்த வயதில் யாரைத் துரத்துகிறீர்கள்?” என்று கேட்டுக்கொண்டேதான் சாற்றைப் பிழிந்து கொடுத்தாள். 2023 ஜனவரியில் சென்னையில் 4 மணி 51 நிமிடத்தில் முழு மாரத்தானை முடித்தேன். இரண்டாம் பாதி முதல் பாதியைவிட மூன்று நிமிடம்தான் அதிகம். அந்தப் புழுக்கத்துக்கு அது தேவலை.

அந்த வருடம் அக்டோபரில் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் ஓடி, கிப்சோகேயின் சாதனையைப் பறித்தார். வயது 23. நான்கு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 11 இரவு, எல்டோரெட்டுக்கும் கப்டகட்டுக்கும் இடையே கார் விபத்தில் அவரும் அவருடைய பயிற்சியாளரும் இறந்துபோனார்கள். நான் புழுதியைப் பார்த்த வழி அது. ஸ்டோர் கீப்பருக்கு “போலே” என்று ஒரு சொல் அனுப்பினேன். மறுநாள்தான் பதில் வந்தது, அதுவும் அதே சொல்.

ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக். அபேபே பிகிலா, வால்டெமர் சிர்பின்ஸ்கி, கிப்சோகே ஆகிய மூன்று பேர்தான் ஒலிம்பிக் மாரத்தானை இரண்டு முறை வென்றவர்கள். மூன்றாவது தங்கத்துக்காக வந்த கிப்சோகே இடுப்பு வலியால் பின்தங்கி, 30 கிலோமீட்டர் தாண்டியதும் நடக்கத் தொடங்கினார். பிறகு நின்றேவிட்டார். காலணியையும் பனியனையும் வழியில் நின்றவர்களுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அவருடைய வாழ்நாளில் முடிக்காமல் விட்ட முதல் மாரத்தான் அது. ஆலை ஆபீசில் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நைரோபியில் நான் உட்கார்ந்த கல்லை கிட்டத்தட்ட மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன், கால் பிசகிவிட்டது என்று வீட்டில் பொய் சொல்லியிருந்தேன். அன்று மதியச் சாப்பாட்டின்போது மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். “வாழைப்பழம் கொடுத்தது யார்?” என்று மட்டும் கேட்டாள்.

கிப்சோகே அதோடு விடவில்லை. 2025 நவம்பர் 2, நியூயார்க். அங்கே அவருக்கு அதுதான் முதல் முறை. இங்கே இரவு, வெளியே ஐப்பசி மழை. 40 வயதில் இரண்டு மணி 14 நிமிடத்தில் பதினேழாவதாக வந்தார். மறுநாள் காலை நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘8 கி.மீ. மெதுவாக. ஏழு மணி நேரத் தூக்கம். முழங்கால் சும்மா இருக்கிறது. கிப்சோகே 17.’